வீடு தேடி வரும் தாதியும் நீண்டு செல்லும் பட்டியலும்

இலண்டனுக்கு வந்து குடியேறிய எமது குடும்பங்களுக்குப் புதுமையாகத் தோன்றும் விடயங்களுள் ஒன்று, நோயாளியைத் தேடி அரசாங்கத் தாதி வீட்டுக்கு வருவது. ஊரில் நாம் அறிந்ததெல்லாம் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான். வீட்டுக்கு வந்தவர் என்றால் அவர் குடும்பநல மருத்துவமாது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு அது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்துவிட்டு அவர் போய்விடுவார். படுக்கையில் கிடக்கும் அப்புவின் புண்ணுக்கு மருந்து கட்டுவது மகளின் வேலை, அல்லது மருமகளின் வேலை. இங்கோ காலையில் கதவு மணி அடிக்கிறது. நீலச் சீருடையில் ஒருவர் பையுடன் நிற்கிறார். இன்சுலின் ஊசி போடுகிறார், காலுக்குக் கட்டுப் போடுகிறார், ஏதோ எழுதுகிறார், கால் மணி நேரத்தில் போய்விடுகிறார். சில நாட்களில் வருவதாகச் சொன்ன நேரத்தில் வருவதில்லை. சில நாட்களில் வருவதேயில்லை.

"ஏன் பிந்தி வந்தனீங்கள்?" என்று வாசலிலேயே கேட்கும் வீடுகள் உண்டு. ஒன்றுமே கேட்காமல் விடியற்காலை தொடக்கம் யன்னல் ஓரத்தில் காத்திருக்கும் வீடுகளும் உண்டு. இந்த வேலையில் உள்ள எம்மவர்களுள் நாமும் சிலர். எம்முள் பதிவுபெற்ற தாதியரும் இருக்கின்றனர், ஏஜென்சிகளில் வேலை செய்யும் பராமரிப்பாளர்களும் இருக்கின்றனர். ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் குறொய்டனிலும் மாடிப்படி ஏறி இறங்குகிறோம். கதவின் இரு பக்கத்திலும் எம்மவரே நிற்கும் இக்காலத்தில், அந்தத் தாதியின் கையிலுள்ள பட்டியல் ஏன் நீளுகின்றது, அதை எவ்வாறு சமாளிக்கலாம் என்பதை இரு பகுதியினருக்குமாக எழுத விரும்புகின்றோம்.

முதலில் ஒரு பழைய கதை. 1859இல் லிவர்பூல் நகர வணிகரான வில்லியம் றாத்போன் தம் மனைவியை இழந்தார். மனைவியைக் கடைசிவரை பராமரித்த மேரி றொபின்சன் என்ற தாதியையே, வைத்திய வசதியற்ற ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று பார்க்கும்படி மூன்று மாத ஒப்பந்தத்தில் அமர்த்தினார். ஒரு மாதம் முடிந்ததும் அந்த அம்மையார் அழுதுகொண்டு திரும்பி வந்தார். தாம் கண்ட துன்பத்தைத் தாங்க முடியவில்லை என்றார். றாத்போன் அவரைத் தேற்றி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்தபோது அவரே இந்த வேலையைத் தொடர விரும்பினார். அதன் பின்னர் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் ஆலோசனையுடன் தாதியருக்குப் பயிற்சி வழங்கப்பட்டது. நகரம் 18 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. 'டிஸ்ட்ரிக்ற் நேர்ஸ்' என்ற பெயரின் பிறப்பு அங்கேதான். முடிவில்லாத துன்பத்தின் முன்னே ஒரு தாதியை நிறுத்தினால் அவர் உடைந்து போவார், அவருக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை அன்றே கண்டுகொண்டார்கள் என்றுதான் நாம் இதை விளங்கிக்கொள்கின்றோம். இலண்டனின் கிழக்குப் பகுதியில் 1868இல் இத்தகைய ஒரு சங்கம் தோன்றியது. 1887இல் விக்ரோறியா மகாராணியின் பொன்விழாவுக்குப் பெண்கள் திரட்டிய நிதியில் 70,000 பவுண் இப்பணிக்கென ஒதுக்கப்பட்டது. 1948இல் தேசிய சுகாதார சேவை வந்தபின் வீட்டுத் தாதியர் சேவை எல்லோருக்கும் இலவசமாயிற்று.

இன்றைய நிலைக்கு வருவோம். ஆஸ்பத்திரி வார்ட் ஒன்றில் 28 கட்டில்கள் இருந்தால், 29ஆவது நோயாளிக்கு இடமில்லை என்று சொல்ல முடியும். வீட்டுத் தாதியர் சேவைக்குக் கட்டில் எண்ணிக்கை கிடையாது. கட்டில்கள் நோயாளிகளின் வீடுகளிலேயே இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் கட்டில் தட்டுப்பாடு ஏற்பட, சத்திர சிகிச்சை முடிந்தவர்களும் முதியவர்களும் முன்னரைவிட விரைவாக வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். அனுப்பப்படும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தாதியின் பட்டியலில் ஒரு வரியாகச் சேருகின்றனர். அதேவேளை தாதியரின் தொகை குறைந்துகொண்டு வந்துள்ளது. றோயல் நேர்சிங் கல்லூரியும் குயின்ஸ் நேர்சிங் நிறுவனமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இங்கிலாந்தில் விசேட தகைமை பெற்ற டிஸ்ட்ரிக்ற் நேர்ஸ்மாரின் தொகை பத்து ஆண்டுகளில் சுமார் 43 வீதம் குறைந்து 4,000 அளவில் நின்றது. அதாவது 14,000 மக்களுக்கு ஒருவர். ஜீ.பி வைத்தியரோ 1,600 பேருக்கு ஒருவர். டிஸ்ட்ரிக்ற் நேர்ஸின் கீழ் வேறு தாதியரும் உதவியாளரும் வேலை செய்கின்றனர் என்பது உண்மையே. ஆயினும் எந்த நோயாளிக்கு எது தேவை, எப்போது தேவை என்று தீர்மானிக்கும் அனுபவசாலிகள் குறைந்துவிட்டனர். வேல்ஸில் 2016இலும் ஸ்கொட்லாந்தில் 2019இலும் தாதியர் தொகை பற்றிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இங்கிலாந்தில் ஒரு தாதி ஒரு நாளில் இத்தனை வீட்டுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை.

எண்ணை மட்டும் வைத்துச் சுமையை அளக்கவும் முடியாது. பட்டியலில் பதினான்கு பெயர் இருந்தால், அது பதினான்கு ஒரேமாதிரியான வேலை அல்ல. இன்சுலின் ஊசிக்குச் சில நிமிடங்கள் போதும், ஆனால் நேரம் தவறக்கூடாது. வீங்கிப் புண்பட்ட இரு கால்களைக் கழுவி, கட்டைப் படைபடையாக இறுக்கிச் சுற்றுவதற்கு முக்கால் மணி நேரமும் போகலாம், ஆனால் அது காலையிலா பின்னேரமா என்பது பெரிதல்ல. நாலு படையாகச் சுற்றும் இந்த முறை 1980களில் இதே இலண்டனின் சாரிங் குறொஸ் ஆஸ்பத்திரியில் உருவானது என்பது ஓர் உபரித் தகவல்.

ஆகவே பட்டியல் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தெருப் படத்தை அல்ல. புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் கிட்டிய வீட்டிலிருந்து தொடங்குகின்றனர். பார்க்கிங் கிடைக்குமா, எந்த வீதி அடைபட்டிருக்கும் என்ற கவலை இலண்டனில் நியாயமானதுதான். ஆனால் காத்திருக்க முடியாதவர் யார் என்பதே முதற் கேள்வி. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் எடுக்க வேண்டியவர், சலக்குழாய் அடைபட்டுத் துடிப்பவர், இறுதிக் காலத்தில் நோவைத் தணிக்க 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து மாற்ற வேண்டிய சிறிஞ் பம்புடன் இருப்பவர், நாளத்தில் அன்ரிபயோற்றிக் ஏறுபவர் ஆகியோருக்கு முதலிடம். இன்றே பார்க்க வேண்டும், ஆனால் நேரம் முக்கியமல்ல என்பவர்கள் அடுத்து. ஓரிரு நாள் தள்ளினாலும் கேடில்லை என்பவர்கள் கடைசி. இந்த மூன்றையும் பிரித்த பின்னர்தான் தெருக்களை ஒழுங்குபடுத்த வேண்டும்.

காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில்தான் பெரிய நெருக்கடி. எல்லா இன்சுலின்காரரும் ஒரே நேரத்தில் பசியோடு இருக்கின்றனர். எமது சமூகத்தில் சலரோகம் எவ்வளவு பரவியுள்ளது என்பதைச் சொல்லத் தேவையில்லை. தென்னாசியருக்கு இவ்வருத்தம் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டு தொடக்கம் நான்கு மடங்கு என்பது இந்நாட்டில் நன்கு அறியப்பட்ட செய்தி. இங்கே வேகமாக ஓடுவதால் பயனில்லை. வேறு வழிகள் உள்ளன. நாளுக்கு இரண்டு தரம் கலவை இன்சுலின் எடுக்கும் முதியவருக்கு, நாளுக்கு ஒருமுறை எடுக்கும் நீண்டநேர இன்சுலின் பொருந்துமா என்று ஜீ.பியிடமோ சலரோகத் தாதியிடமோ கேட்கலாம். நோயாளிக்கோ வீட்டில் உள்ள ஒருவருக்கோ ஊசி போடப் பழக்கலாம். முறைப்படி பயிற்றப்பட்ட பராமரிப்பாளரிடம் இதை ஒப்படைக்கும் நடைமுறையும் இப்போது உண்டு. பத்து நாள் பொறுமையாகப் பழக்கினால் வருடம் முழுவதும் ஒரு வருகை மிச்சம். ஆனால் பட்டியல் நீண்டிருக்கும் நாட்களில் பழக்குவதற்குத்தான் நேரமில்லை. அதனால் பட்டியல் நீண்டுகொண்டே போகின்றது. ஆறிய புண்ணுக்கு மாதக்கணக்காகத் தாதி போய்க்கொண்டிருப்பதும், வெளியே நடமாடக்கூடியவர் கிளினிக்குக்குப் போகாமல் வீட்டில் காத்திருப்பதும் இப்படித்தான். சில வாரங்களுக்கு ஒருமுறையாவது 'இவருக்கு இன்னும் நாம் தேவையா?' என்று முழுப் பட்டியலையும் வரி வரியாகப் பார்க்கும் குழுக்களில் மூச்சுவிட இடமிருப்பதைக் கண்டிருக்கின்றோம்.

இவ்வளவு செய்தும் சில நாட்களில் எல்லோரையும் பார்க்க முடியாது. சில வருகைகளைப் பின்போடத்தான் வேண்டும். அப்போது பின்போடப்படுவது யாருடைய வீடு?

நாம் கண்ட வரையில், பெரும்பாலும் வாய் திறவாதவரின் வீடு. மகன் தொலைபேசியில் சத்தம் போடும் வீட்டுக்குத் தாதி போய்விடுவார். தனியே இருக்கும் எமது அம்மாவிடம், "இன்றைக்கு வர முடியாமல் இருக்கு அம்மா" என்றால், "பரவாயில்லைப் பிள்ளை, நாளைக்கு வாங்கோ, உங்களுக்கும் கரைச்சல்தானே" என்பார். நாளைக்கும் அவ்வாறே சொல்வார். கிழமைக்கு மூன்று முறை மாற்ற வேண்டிய கட்டு ஒருமுறை மாறும். ஈரம் ஊறும். மணம் வரும்போதும் அதை வெட்கத்தால் மறைப்பார். கடைசியில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரைக் காண்கின்றோம். அம்மாவின் நற்குணம் அவருக்கே எதிராக வேலை செய்துவிடுகின்றது.

ஆதலால் பின்போடுவதற்கும் ஒரு முறை இருக்க வேண்டும். யாரைப் பின்போடுவது என்பதைக் குழுவுக்குப் பொறுப்பானவர் தீர்மானிக்க வேண்டும். காரில் தனியே இருக்கும் தாதியின் தலையில் அதைப் போடக்கூடாது. ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு முறை பின்போடக்கூடாது. வீட்டுக்கு அறிவிக்க வேண்டும், புதிய திகதியைப் பதிய வேண்டும். அறிவிக்கும்போது "பரவாயில்லையா?" என்று எம்மவரிடம் கேட்பதில் பயனில்லை. "கட்டு நனைந்திருக்கா? நோவு கூடவா? காய்ச்சல் இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

இதே சங்கதி தாதியர் பக்கத்திலும் நடக்கின்றது. மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். "இன்னும் இரண்டு பேரைப் பார்க்க முடியுமா?" கேட்பவர் முதலில் அழைப்பது, முன்பு 'ஓம்' சொன்னவரையே. எம்மவர்கள் 'ஓம்' சொல்கிறவர்கள். அதற்குக் காரணமும் உண்டு. அலுவலகங்களில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, மேலதிகமாக ஒன்றும் கதைக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று பழகி வந்தவர்கள் நாம். ஆங்கிலம் பிழைத்துவிடுமோ, வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. ஊரில் பல வருடம் தாதியாக இருந்தவர், இங்கு ஆங்கிலப் பரீட்சை, கணினிப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை என்று எல்லாம் கடந்து பதிவு பெறும்போது, அந்தப் பதிவைப் பொன்போலக் காக்கின்றார். ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதுதான் அந்தப் பதிவுக்கு ஆபத்து. தாதியர், மருத்துவமாதர் சபையான என்.எம்.சியின் 2015ஆம் ஆண்டு ஒழுக்கக்கோவை, நோயாளரின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று கண்டால் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கின்றது. நியமங்களின்படி வேலை செய்யத் தடை ஏதும் இருந்தால் முதற் சந்தர்ப்பத்திலேயே பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும் என்றும் கூறுகின்றது. மௌனமாகச் சமாளிப்பதைப் பொறுமை என்று அது எங்கும் போற்றவில்லை.

சொல்லும் விதம் ஒன்று எமக்குக் கைகொடுத்திருக்கின்றது. "முடியாது" என்பதும் இல்லை, வெறும் "ஓம்" என்பதும் இல்லை. "அந்த இரண்டு பேரையும் பார்க்கிறேன். அப்படியென்றால் கால் கட்டு இரண்டு நாளைக்குப் போகும். யாருடையதை மாற்றுவது என்று நீங்கள் சொல்லுங்கள்." இதைச் சொன்ன கையோடு, அதையே இரண்டு வரியில் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பிவிட வேண்டும். ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டியதில்லை. திகதி, நேரம், எத்தனை வருகை, எது விடுபடும் என்பவை இருந்தால் போதும். விடுபட்டதால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால், அல்லது நேரப் பார்த்தால், டேற்றிக்ஸ் போன்ற கணினிப் பதிவில் அன்றே பதிய வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதியது அடுத்த மாதக் கூட்டத்தில் எண்ணாக வந்து நிற்கும். மேலதிகத் தாதி ஒருவருக்குப் பணம் கேட்கும் மனேஜருக்கும் அந்த எண்தான் தேவை.

குறிப்புகளை நோயாளியின் வீட்டிலேயே எழுதி முடிப்பதும் இதனோடு சேர்ந்தது. இரவு பிள்ளைகள் உறங்கிய பின் சம்பளமின்றிக் கொம்பியூட்டருக்கு முன் இருப்பவர்கள் எம்மில் அதிகம். பத்து வீட்டுக்குப் பின் முதலாவது வீட்டின் இரத்தச் சீனி அளவு எத்தனை என்று யாருக்கு நினைவிருக்கும்? இடைவேளையும் அப்படியே. ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிட இடைவேளை 1998ஆம் ஆண்டின் வேலை நேர ஒழுங்குவிதிகள் தந்த உரிமை. ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டே பாணைக் கடிப்பது இடைவேளை ஆகாது. நாள் முடிந்ததும் 'முடிந்துவிட்டேன்' என்று குழுவுக்கு அறிவிப்பதையும் அவசரத்தில் விட்டுவிடக்கூடாது. 1986இல் இதே இலண்டனில் வாடிக்கையாளர் ஒருவருக்கு வீடு காட்டச் சென்ற சூசி லம்பிளா என்ற இளம் பெண் திரும்பி வரவில்லை. தனியே வெளியில் வேலை செய்வோரின் பாதுகாப்பு இந்நாட்டில் பேசப்படத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

பராமரிப்பாளர்களின் சுமை இன்னொரு மாதிரி. அவர்களுக்கு நிமிடக் கணக்கு. பதினைந்து நிமிடத்தில் எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, தேநீர் கொடுத்து, அடுத்த வீட்டுக்கு ஓடு என்பார்கள். 2015இல் 'நைஸ்' எனப்படும் தேசிய நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில், அரை மணி நேரத்துக்குக் குறைந்த வருகை, பராமரிப்பாளர் நோயாளிக்குத் தெரிந்தவராக இருந்து, பெரியதொரு பராமரிப்பின் பகுதியாக, குறித்த ஒரு சிறு வேலைக்காக அமையும்போது மட்டுமே பொருந்தும் என்று கூறப்பட்டது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலான பயண நேரம் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் சேர வேண்டும் என்பதைப் பலர் அறியார். ஹரிங்கே மாநகரசபைக்காக வேலை செய்த பத்துப் பராமரிப்பாளர்கள் யூனிசன் தொழிற்சங்கத்தின் உதவியோடு வழக்காடி 2020இல் வென்றனர். பயண நேரமும், இரு வருகைகளுக்கிடையே 60 நிமிடம் வரையான காத்திருப்பும் வேலை நேரமே என்று தீர்ப்பாகியது. அகதி அந்தஸ்துப் பெற்றவர் எந்த வேலையையும் விட்டு வேறிடம் போகலாம். ஸ்பொன்சர் விசாவில் உள்ளவருக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. 2022 பெப்ரவரியில் பராமரிப்பாளர்களுக்குத் திறக்கப்பட்ட அந்த வழி, வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கு 2025 யூலை 22இல் மூடப்பட்டது. ஏற்கெனவே வந்தவர்களுள் எத்தனையோ பேர் வாய் திறக்கப் பயந்துகொண்டு ஓடுகின்றனர். அவர்கள் முதலில் செய்யத்தக்கது, ஒவ்வொரு வீட்டுக்கும் வந்த நேரம், புறப்பட்ட நேரம் இரண்டையும் ஒரு கொப்பியில் தாமே எழுதி வைப்பது.

இனி வீட்டில் காத்திருப்போருக்கு. அகதி அந்தஸ்துப் பெற்றோருக்கும் அகதிக் கோரிக்கை பரிசீலனையில் உள்ளோருக்கும் இச்சேவை இலவசம். தாதி வரும்போது கதவு திறக்க ஆளில்லாவிட்டால், அந்த வருகை யாருக்கும் பயன்படாமல் போகும். எழுந்து நடக்க முடியாதவர் தனியே இருந்தால் சாவிப் பெட்டி பற்றிக் கேளுங்கள். மருந்துக் கட்டுகளை ஒரே பையில், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பல சேவைகளில் தாதியர் பாதணியைக் கழற்ற அனுமதியில்லை. சாமியறைப் பக்கம் போகாதபடி நோயாளியை முன்னறையில் இருத்திவிட்டால் இரு பகுதிக்கும் சங்கடமில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி வற்புறுத்துவது எமது பண்பாடு. அதை மறுப்பதற்கே சில வீடுகளில் ஐந்து நிமிடம் செலவாகின்றது!

பாடசாலைப் பிள்ளையை மறித்து வைத்து மொழிபெயர்க்க விடாதீர்கள். மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது சேவையினரின் பொறுப்பு, அதற்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை தகப்பனின் சலக்குழாய் பற்றிக் கதைக்க நேர்வது இருவருக்கும் தண்டனை.

தாதியர் குழுவின் தொலைபேசி இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். பகல் இலக்கம் வேறு, இரவு இலக்கம் வேறாக இருக்கலாம், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இன்சுலினுக்கு வர வேண்டியவர் நேரத்துக்கு வராவிட்டால், கட்டு நனைந்து வெளியே வந்தால், சலம் போகாமல் அடிவயிறு நொந்தால், பம்பு சத்தமிட்டால் உடனே அழையுங்கள். இலக்கம் கிடைக்காவிட்டால் 111. மயக்கம், குழப்பம், மூச்சு முட்டல் என்றால் 999. அழைக்கும்போது நோயாளியின் பெயர், பிறந்த திகதி, என்ன நடந்தது, எப்போதிலிருந்து என்ற நான்கையும் சொன்னால் போதும். அம்மா அருகிலிருந்து "அவையளைக் கரைச்சல்படுத்தாதை பிள்ளை" என்று சொல்வார். அவர் சொல்லிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் இலக்கத்தை அழுத்துங்கள்.